கடைசி பெஞ்சுக்குப் போட்டி

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் நான் என் மனைவியிடம் சொன்ன முதல் செய்தி இது: "இந்தத் தவக்காலத்துல யார்கிட்டயும் சொல்லாம ஒண்ணு செய்யப் போறேன்."

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னா அது?"

"தாழ்மையா இருக்கப் போறேன்."

"யார்கிட்டயும் சொல்லாமயா?"

"ஆமா."

அவள் கத்தியை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தாள். "சரி. காபி குடிக்கலாமா, இல்ல தாழ்மையில அதுவும் வராதா?"

காபி குடித்தேன். முதல் நாளே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பெருமை வந்துவிடும்.

அன்று காலைப் பூசையில் எங்கள் பங்குச் சாமியார் ஒரு யோசனை சொல்லியிருந்தார். இளவயதுக்காரர், கடலோரத் தெலுங்குக்காரர். திருப்பதிக்கு வந்த பிறகு எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். இறைச்சி விடுவது, காபி விடுவது எல்லாம் இருக்கட்டும், தினமும் தாழ்மையான ஒரு செயல் செய்யுங்கள், அது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அதைக் கேட்கும்போதே நான் தீர்மானித்துவிட்டேன். எனக்கு இது சுலபமாக வரும் என்று தோன்றியது. ஏனென்றால் நான் ஏற்கெனவே தாழ்மையானவன்தான். ஊர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு லெக்சரர். வீடு திருப்பதியில், திருச்சானூர் போகும் சாலையில். மாதத்துக்கு ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பவன். என் உச்சரிப்பை இரண்டு பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர் என் தங்கை.

இந்த ஊரில் தாழ்மைக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றால், மலையில் முடியிறக்கிவிட்டு வந்த தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாகப் போகும். நேற்றுவரை சடையில் பூ வைத்த பெண்கள், கடை முதலாளிகள், கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாதவர்கள். முடியைக் கொடுத்துவிட்டு, லட்டுப் பையோடு, சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். நானும் அந்தத் தவக்காலத்தில் தலைமுடிச் சாயத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கண்ணாடியில் இரண்டு நிமிடம் யோசித்தேன். கடவுள் என்னிடம் அவ்வளவு கேட்டிருக்க மாட்டார் என்று முடிவு செய்து, புதுப் பாக்கெட் பிரித்தேன்.

முதல் வாரம் கல்லூரியில் ஆரம்பித்தேன். எப்போதும் அட்டெண்டரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பவன், நானே சொம்பை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவர் முகம் வெளுத்திருந்தது. "சார், பிரின்சிபாலாண்ட எம்மேல கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லையப்பா, தவக்காலம், தாழ்மைப் பயிற்சி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. நாற்பது நாளும் என்னைக் கண்டால் எழுந்து நின்றார். அதற்கு முன் அப்படி நின்றதே இல்லை. அது எனக்குப் பிடிக்கவும் செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என் திட்டத்தின் சிகரம். கோயிலில் எப்போதும் இரண்டாவது பெஞ்சில் உட்காருவேன். இனி கடைசி பெஞ்ச் என்று வைத்துக்கொண்டேன். கடைசி பெஞ்ச் வாசலையொட்டி இருக்கும். மேலே ஓடாத ஃபேன், பக்கத்தில் செருப்புக் குவியல். முதல் ஞாயிறு போய்ப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் ரேணிகுண்டாவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பங்கில் நீண்ட காலமாக முதல் பெஞ்சின் நிரந்தர உரிமையாளர். அவரும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாங்க பிரதர், உக்காருங்க" என்று நகர்ந்தார். நகர்ந்தது உள்பக்கம். ஓரத்தை எனக்குக் கொடுத்தார். ஓரம்தான் மிகவும் கடைசி என்று நான் மகிழ்ந்தேன். அதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் ஓரத்தில் இருந்தார். நான் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

"நீங்க முன்னாடி போங்க பிரதர். வாசகம் படிக்கிறவரு நீங்க."

"இல்ல சார், பெரியவங்க நீங்க போங்க. எனக்கு இதான் சரி."

"எனக்குப் பின்னாடி உக்காந்தாதான் ஜெபம் வருது."

"எனக்கும் அப்படித்தான் சார், சின்ன வயசிலேர்ந்து."

இந்த உரையாடல் வருகைப் பாடல் முடியும்வரை நடந்தது. முன்னால் இருந்த ஒரு அம்மாள் திரும்பி உதட்டில் விரல் வைத்தாள்.

மூன்றாம் ஞாயிறு அவர் பெஞ்சையே துறந்துவிட்டார். பெஞ்சுக்குப் பின்னால் வெறுந்தரையில் முழங்காலில் நின்றார். எழுபதை நெருங்கும் முழங்கால்கள். பூசை முழுக்க அசையவில்லை. எழும்போது மட்டும் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து நான்காம் ஞாயிறு வெளியே போய்விட்டேன். வாசற்படியில், செருப்புகளுக்கு நடுவில் கைகட்டி நின்றேன். இதற்குமேல் அவர் எங்கே போவார், ரோட்டுக்கா? நிம்மதியாகக் கண்ணை மூடினேன். யாரோ தோளைத் தட்டினார்கள். ஸ்கூட்டரில் தாமதமாக வந்த ஒரு இளம்பெண். ஹெல்மெட்டை என் கையில் வைத்து, "அன்னா, இதி கொஞ்செம் சூஸ்கோ" என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செருப்பு பார்த்துக்கொள்பவன் என்று நினைத்துவிட்டாள். தாழ்மையைத் தேடி வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நான் என்ன செய்தேன்? ஹெல்மெட்டோடு உள்ளே போய், பூசை நடக்கும்போதே அவள் பெஞ்சைக் கண்டுபிடித்து, "நான் இங்கே வாசகம் வாசிக்கிறவன்" என்று தெலுங்கில் காதோரம் சொல்லி, ஹெல்மெட்டை மடியில் வைத்துவிட்டு வந்தேன். அவள் பயந்துபோய் "சாரி அங்கிள்" என்றாள். அண்ணன் அங்கிள் ஆனது தனி வலி.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஹெல்மெட்டக் கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு நின்னிருந்தா நேரா மோட்சம். கோட்டை உட்டுட்டீங்களே" என்றாள்.

கோயிலைப் பெருக்கித் துடைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நகரிப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும், எங்களைப் போலத் தமிழ்க் கிறிஸ்தவள். குரல் பெரிது. பெஞ்ச் போட்டி கைவிட்டுப் போனதும், சனிக்கிழமை காலைகளில் அவளோடு கோயில் சுத்தம் செய்வது என்று இறங்கினேன். அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"இன்னா சார் இது? நீங்க பெருக்கிக்கினு கீறீங்க?"

"தவக்காலம்மா. தாழ்மையா ஒரு வேலை."

"இது தாழ்மையான வேலையா சார்?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள், "சரி, பெருக்குங்க. பெஞ்சுக்கு அடில உடாதீங்க" என்று போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

நான் பெருக்கி முடித்ததும் வந்து பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து முதலிலிருந்து பெருக்கினாள். அடுத்த சனியும் அதே கதை. அன்று பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்: "சார், நீங்க வந்தா எனக்கு ரெண்டு வேலையாவுது. உங்களுக்குப் புண்ணியம், எனக்கு இடுப்பு வலி." நான் அதையும் ஒரு அவமானமாக ஏற்றுக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தேன். போவதை நிறுத்தவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று சாமியார் என்னைக் கூப்பிட்டார். பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் அவர்கள் பாதம் கழுவுவார். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு. இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள். பன்னிரண்டில் ஒருவராக இருப்பது எங்கள் பங்கில் சின்ன விஷயமில்லை. போட்டோ எடுத்துப் பங்கு வாட்ஸாப் குழுவில் போடுவார்கள்.

"சார், இந்த வருஷம் மீரு உக்கார்றீங்களா?"

என் நெஞ்சு குதித்தது. ஆனால் உடனே சரி என்று சொல்கிறவன் தாழ்மையானவனா? தலையைக் குனிந்து, "நான் எதுக்கு ஃபாதர், எனக்கு என்ன தகுதி" என்றேன். இரண்டு முறை வற்புறுத்துவார், மூன்றாம் முறை கீழ்ப்படிதலின் பேரில் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

"பர்வாலேது சார், சரே. ரேணிகுண்டா சாரை அடுகுதானு" என்று, அவரையே கேட்டுக்கொள்வதாகச் சொல்லி, அவர் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். தமிழ் இன்னும் முழுதாக வராதவர். மறுப்பில் உள்ள ஆசை எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது. நல்ல மனிதர், சொன்னதை நம்புகிறவர்.

ரேணிகுண்டா சார் முதல் கேள்வியிலேயே சரி என்றாராம்.

அந்தக் கோபம்தான் என்று நினைக்கிறேன். புதன்கிழமை விடிந்ததும் கோயிலுக்குப் போய், வியாழனுக்காகத் தரையை நானே கழுவுகிறேன் என்று நின்றேன். சோப்புத் தூளை ஒரு வாளியில் கொட்டினேன். "போதும் சார், போதும் சார், வழுக்கும்" என்று அந்தப் பெண் கத்தினாள். எனக்குத் தெரியாதா, ஒரு வாளி தண்ணீருக்கு எவ்வளவு என்று? கணக்கு லெக்சரர். பீடத்தின் படியருகே ஊற்றித் தேய்த்துக்கொண்டே பின்பக்கமாக வந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே ஏதோ குச்சி ஒடிந்த சத்தம் கேட்டது.

அவள் ஓடி வந்து தூக்கினாள். மணிக்கட்டு கண் முன்னாலேயே வீங்கியது. "சொன்னேனே சார்" என்று ஒரு முறைதான் சொன்னாள், அதற்கு நன்றி. என் மனைவிக்குப் போன் போட்டு, "அக்கா, சாரு கைய ஒடச்சிக்கினாரு. புத்தூருக்கு இட்டுனு போறேன், நீங்க பஸ் ஸ்டாண்டாண்ட வந்துடுங்க" என்றாள். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் புத்தூர்க் கட்டுதான். நான் தினமும் வேலைக்குப் போகிற ஊருக்கு, அன்று இரண்டு பெண்களுக்கு நடுவில், கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். பஸ் ஏறி இறங்கிய ஒவ்வொரு வேகத்தடையும் தனித்தனியாக நினைவிருக்கிறது.

கட்டுப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். தோள்பட்டை இறங்கிய விவசாயி, கால் நீட்டிக் கிடக்கும் ஒரு கிழவர், பைக்கிலிருந்து விழுந்த கம்பெனி வேலைக்காரர்கள். எல்லோரும் வரிசையில் காத்திருந்தார்கள். எனக்கு வலி உயிர் போனது. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவரிடம் நேராகப் போய், தெலுங்கில், என் கல்லூரியின் பெயரோடு, "நான் இந்த ஊர்ல லெக்சரர். முன்னாடி பார்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெரிய குரல் வந்தது. "அவரு சொல்றத கண்டுக்காத அண்ணா! சாரு இந்தத் தவக்காலத்துல எங்க போனாலும் கடைசிலதான் நிப்பாரு. கோயில்லயே செருப்பாண்டதான் நிப்பாரு. வேண்டுதல்!"

அவள் கிண்டல் செய்தாளா, என் விரதத்தைக் காப்பாற்ற நினைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் தெலுங்கில் சொன்னார்கள். தோள் இறங்கிய விவசாயி, வலியோடு, என்னைக் கும்பிட்டார். வரிசை பார்ப்பவர் பக்தியோடு கடைசி ஸ்டூலைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

என் முறை வந்தபோது, கட்டுப் போடுபவர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு இழு இழுத்தார். எல்லா வேதனையையும் ஒப்புக்கொடுக்கக் கற்றுக்கொண்டவன் நான், "ஐயோ நைனா!" என்று கத்தியது அறைக்கு வெளியே கேட்டதாம். என் நைனா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. பிறகு மூலிகைச் சாறு, முட்டை, மூங்கில் பத்தை, துணி. கை ஒரு பொட்டலம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த நாளிலிருந்துதான் உண்மையான பயிற்சி. சட்டைப் பொத்தான் போட, பேண்ட் மாட்ட, தலை வார, எல்லாவற்றுக்கும் என் மனைவி வர வேண்டியிருந்தது. அவள் பிசைந்து ஊட்டினாள். "வாயத் தெறங்க" என்றாள். "உப்பு கம்மி" என்றேன். "துன்னுங்க பேசாம" என்றாள். இதெல்லாம் நான் தேர்ந்தெடுத்த தாழ்மை அல்ல. நான் தேர்ந்தெடுத்ததில் ஓரளவு கௌரவம் இருந்தது. இதில் துளியும் இல்லை. அதனால் எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன்.

ஆனாலும் வியாழன் மதியம் அவளிடம் கேட்டேன். "கால் நகத்தக் கொஞ்சம் வெட்டி விடறியா?"

"இப்ப இன்னாத்துக்கு?"

"சும்மா. அழுக்கா இருக்கு."

அவள் நகவெட்டியோடு தரையில் உட்கார்ந்தாள். இடது காலை முடித்து வலது காலுக்கு வந்தபோது கையை நிறுத்தினாள். "பன்னண்டு பேருல யாராவது வராம போவாங்கன்னுதான?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் மிச்ச நகங்களையும் வெட்டினாள். குதிகாலைக்கூடத் தேய்த்துவிட்டாள். சிரிக்கவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒருவர் வரவில்லைதான். ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தமிழர். ஷிப்ட் மாற்றிப் போட்டுவிட்டார்களாம். பூசை தொடங்கும் நேரத்தில் பதினொரு பேர் நாற்காலியில் இருந்தார்கள். ரேணிகுண்டா சார் முதல் நாற்காலியில், வேட்டியை முழங்கால்வரை மடித்து, கண்ணை மூடி இருந்தார். பன்னிரண்டாவது நாற்காலி காலி. சாமியார் கோயிலைச் சுற்றிப் பார்த்தார். நான் கடைசி பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்தேன். கட்டுப் போட்ட கை நன்றாகத் தெரியும்படிதான் இருந்தது. அவர் பார்வை என்மேல் வந்தது. ஏற்கெனவே வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்திருப்பார். பார்வை நகர்ந்தது.

துண்டுகளை மடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஐயோ வேணாம் ஃபாதர்! காலு நல்லால்ல" என்றாள் அவள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். சாமியார் விடவில்லை. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. நான் எனக்காகக் கற்பனை செய்து வைத்திருந்த வற்புறுத்தல் முழுவதும் என் கண் முன்னால் அவளுக்கு நடந்தது.

உட்கார்ந்தாள். வெடித்த குதிகால், சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன் முழங்காலிட்டார். பாடகர் குழு மிக மெதுவான பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பாதத்தைத் தொட்டதும் அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "ஹிஹி" என்று ஆரம்பித்தது, அந்தக் குரலில், கோயில் முழுக்கக் கேட்டது. காலை இழுத்தாள். சாமியார் பிடித்தார். மறுபடி சிரித்தாள். பாடகர் குழுவில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டை விட்டாள். ரேணிகுண்டா சார் ஒரு கண்ணை மட்டும் திறந்து முறைத்தார். சாமியாரும் சிரித்துவிட்டார். கடைசியில் அவர் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். கண் கலங்கியது. அதே நேரத்தில், நகம் வெட்டியது வீணாகிவிட்டதே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை.

பூசை முடிந்ததும் அவள் மாப்பை எடுத்துக்கொண்டு வந்து, நாற்காலிகளைச் சுற்றிச் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். நான் போய் நின்றேன்.

"தண்ணி ஜில்லுனு கீது சார். கொஞ்சம் வெந்நி கலக்கக் கூடாது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அட்த்த வருசம் நீங்க உக்காருங்க சார். எனக்குக் கூச்சமா பூட்ச்சி."

"சேச்சே, எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அவள் மாப்பை நிறுத்தி, என் கால்களைப் பார்த்தாள். செருப்பில்லாமல், பளபளவென்று இருந்தன. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், ஈரம்" என்றாள்.

கட்டை அவிழ்க்க ஆறு வாரம் ஆனது. மணிக்கட்டு இப்போது நன்றாகவே இருக்கிறது, முழுதாகத் திருப்பினால் மட்டும் லேசாகப் பிடிக்கும். கரும்பலகையில் எழுதும்போது கையை உதறிக்கொள்வேன். சக லெக்சரர்கள் "கைக்கு என்ன சார்?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்ல, கோயில் தரையக் கழுவும்போது விழுந்துட்டேன்" என்பேன். "நீங்களா? தரை கழுவினீங்களா?" என்று ஆச்சரியப்படுவார்கள். நான் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவேன். சிலர் கேட்பதே இல்லை. அவர்கள் பார்க்கும்படியாக இன்னொரு முறை உதறுகிறேன்.